வலது காலுக்கு ஒரு பெட்டி

இசைக்கருவிக் கடைக்காரர் மூன்றாவது பெட்டியைத் தரையில் வைத்ததும் என் மனைவி செருப்பைக் கழற்றினாள். முதல் இரண்டு பெட்டிகளுக்கு அவள் கழற்றவில்லை. அந்த மூன்றாவது பெட்டியை நான் வீட்டிலேயே வேண்டாம் என்று தள்ளியிருந்தேன். ஏன் வேண்டாம் என்பதையும் மனப்பாடமாக வைத்திருந்தேன். பழைய மாடல். மேலே இருக்கும் திரை கால்குலேட்டர் அளவுதான், அதுவும் கறுப்பு வெள்ளை. போதாக்குறைக்கு, நேரில் பார்த்தால் ஒரு மூலையில் வண்ணம் பெயர்ந்து உள்ளே இருக்கும் தகரம் பல்லைக் காட்டியது. கடையில் எல்லாரும் மிதித்துப் பார்ப்பதற்காக வைத்திருந்த பெட்டி அது. அதனால்தான் விலையைக் குறைத்திருந்தார்கள்.

இதில் எனக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நான் திரைச்சீலை தைப்பவன். ஜன்னலை அளந்து, துணி வெட்டி, மடிப்புப் பட்டை வைத்துத் தைத்து, கொக்கி மாட்டித் தொங்கவிட்டுவிட்டு வருவது என் தொழில். சங்கீதம் எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. என் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அவளுடைய எலக்ட்ரிக் கிட்டார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் வந்து சேர்ந்தது, முதல் சம்பளத்தில் வாங்கியது. அந்தக் கணக்கில் பார்த்தால் வீட்டில் நான்தான் அதற்கு ஜூனியர். பல வருஷம் அவள் அதைப் படுக்கையறைக் கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத மாதிரி வாசித்துக்கொண்டிருந்தாள். பிறகு டெப்போவில் ஒரு பாட்டுக் குழு உருவானது. மெக்கானிக் ஒருவர் டிரம்ஸ் வாசித்தார். அவரைச் சுத்தியல் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். டயர் பிரிவுத் தம்பி பேஸ் கிட்டார். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அம்மா கீபோர்ட். வண்டி வருவதையும் போவதையும் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவர் பாட்டு. வேலையிலும் மைக்கை விடமாட்டார், மேடையிலும் விடமாட்டார் என்பதால் அவருக்குப் பெயரே மைக்கு. என் மனைவி லீட் கிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கணக்கு அம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோதுதான் சிக்கல். டெப்போவின் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் இவர்கள் வாசிப்பதாக ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டது. தொழிலாளர்களும் குடும்பத்தினரும் வந்து உட்காரும் விழா. குழுவின் பாட்டுகளில் பாதி, கீபோர்டின் நீண்ட சத்தத்தின் மேல்தான் நிற்கும். தரையில் ஜமுக்காளம் விரித்தது போல அது அடியில் விரிந்து கிடக்கும், மற்றதெல்லாம் அதன் மேல் உட்காரும். அது இல்லாமல் வாசித்துப் பார்த்த அன்று எனக்கே வித்தியாசம் தெரிந்தது. நாலு பேரும் நாலு அறையில் தனித்தனியாக வாசிக்கிற மாதிரி இருந்தது.

மைக்குவுக்குத் தெரிந்த வெளியாள் ஒருவர் இருந்தார். விழாக்களுக்குப் போய் வாசிக்கிறவர், நல்ல கைக்காரர். ஆனால் அவர் தனியாக வரமாட்டாராம். கூடவே அவருடைய கிட்டார்காரரும் வருவாராம், ஜோடியாகத்தான் எங்கும் போவார்களாம். இதை மைக்கு சொன்னபோது என் மனைவியின் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

“அப்போ நான்?” என்று கேட்டாள்.

“நீங்களும் இருங்கக்கா. ஓரமா கார்ட்ஸ் வாசிங்க. ரெண்டு கிட்டார் இருந்தா நல்லாத்தானே இருக்கும்.”

ஓரமா என்ற சொல் வீடுவரை எங்களோடு வந்தது. அவள் கோபப்படவில்லை. அழவும் இல்லை. அங்கேயே அவள் சொன்ன பதில் இவ்வளவுதான்: “கீபோர்டோட வேலையையும் கிட்டார்லயே நான் பாத்துக்கறேன். அடுத்த வாரம் விட்டு அதுக்கடுத்த வாரம் வாசிச்சுக் காட்டுறேன். பிடிக்கலேன்னா அவங்களக் கூப்பிட்டுக்குங்க.” சுத்தியல் மட்டும் டிரம்மின் விளிம்பில் குச்சியால் ஒரு தட்டுத் தட்டினார். அதற்குச் சம்மதம் என்று பொருளா, பரிதாபம் என்று பொருளா என்று தெரியவில்லை.

கிட்டாரை வேறு வேறு விதமாகப் பேசவைக்கிற பெட்டி ஒன்று வேண்டும். மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் என்று பெயர். எதிரொலி, கரகரப்பு, பெரிய மண்டபத்துக்குள் வாசிக்கிற மாதிரியான முழக்கம், எல்லாம் ஒரே பெட்டிக்குள். காலால் மிதித்து மாற்றிக்கொள்ளலாம். அவள் ஒரு தொகையைச் சொன்னாள். விடுமுறை நாட்களில் கூடுதல் வண்டி ஓட்டிச் சேர்த்தது. “இதுக்கு மேல ஒரு காசு கிடையாது. நல்லதா ஒண்ணு பாருங்க. எனக்கு டியூட்டி முடிஞ்சு வந்தா கண்ணு சொருகுது.” அவள் என்னை நம்பி ஒரு வேலை தந்துவிட்டாள். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை.

தையல் மெஷின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு நான் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். தலைமுடியை விரித்துப்போட்டவர்கள், தொப்பி போட்டவர்கள், தாடிக்காரர்கள் என்று உலகத்தில் யார் யாரோ பெட்டிகளைப் பற்றிப் பேசினார்கள். பாதி புரியவில்லை. புரியாததை எல்லாம் இன்னொரு முறை பார்த்தேன். ஒரு வீட்டுப் படுக்கையறைத் திரைச்சீலையில் பூக்களெல்லாம் தலைகீழாகத் தொங்கும்படி தைத்துவிட்டுப் பிரித்துத் தைத்ததுகூட அந்தச் சமயத்தில்தான். கடைசியில் ஒரு பெட்டியில் என் மனசு நின்றது. அகலமான வண்ணத் திரை. தொட்டால் வேலை செய்யும். உள்ளே எத்தனையோ நூறு சத்தங்கள். பார்ப்பதற்கே விமானம் ஓட்டுகிற இடம் மாதிரி இருக்கும். அவள் சொன்ன தொகைக்குள் அது கச்சிதமாக அடங்கியது. என் பெண்டாட்டி அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று வாசிப்பதை மனசுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பின்னால் விளக்கெல்லாம்கூடப் போட்டிருந்தேன்.

கடைக்குப் போகும்போது அவள் தன் கிட்டாரையே தூக்கிக்கொண்டு வந்தாள். கடையில் நூறு கிட்டார் மாட்டியிருக்குமே என்றேன். “அதெல்லாம் என் கிட்டார் இல்லையே” என்றாள். கடைக்காரர் நாற்பதைத் தாண்டியவர், விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. அவரும் வாசிப்பவர் என்று அவள் பார்த்தவுடனே கண்டுகொண்டாள். நான் மனப்பாடம் செய்து வந்ததைக் கடகடவென்று ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவளிடம் திரும்பி, “மேடம், எதுக்கு வேணும்?” என்றார். அதை நான் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீபோர்ட் மாதிரி நீண்ட சத்தம் கிட்டாரில் வேண்டும், அதைக் காலாலேயே ஏற்றி இறக்க வேண்டும் என்று அவள் சொன்னாள்.

வண்ணத் திரைப் பெட்டியை ஹெட்போனில் கேட்டாள். எனக்கும் ஒரு காதைக் கொடுத்தாள். ஆஹா, ஒரு நரம்பைத் தொட்டால் மலைக் குகைக்குள் யாரோ மணி அடித்தது போல இருந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “ஆம்ப்ல போட முடியுமா? சின்னது வேணாம், டிரம்ஸ் பக்கத்துல வைக்கிற சைஸ்” என்றாள். மேடைக்கு வைக்கிற பெரிய ஆம்ப் ஒலிபெருக்கியில் போட்டுச் சத்தத்தை ஏற்றியதும் அதே மணி, தொண்டை கட்டியவன் பேசுவது போல ஆகிவிட்டது. எதிரொலியும் முழக்கமும் ஒன்றோடொன்று குழம்பிக் கொழகொழத்தன. என் தொழிலில் இதை நான் தினமும் பார்க்கிறேன். கடை வெளிச்சத்தில் தகதகவென்று இருக்கும் கனத்த துணியைத்தான் எல்லாரும் எடுப்பார்கள். வீட்டு ஜன்னலில் மாட்டிய பிறகு அறையே இருண்டுபோய் நிற்கும்போது என்னைத் திட்டுவார்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. “குறைச்சு வச்சா சரியாயிடும்” என்று பெட்டிக்கு வக்காலத்து வாங்கினேன்.

“ஆயிடும் சார்” என்றார் கடைக்காரர். “எல்லாத்தையும் கம்மி பண்ணினா இதுவும் நல்லாத்தான் இருக்கும். ஆனா மேடத்துக்குச் சத்தத்தக் காலாலயே ஏத்தி இறக்கணுமே. இதுக்கு அந்த மிதி தனியா வாங்கணும்.”

அதோடு தொகை எகிறியது. இரண்டாவது பெட்டி உள்ளங்கை அகலம். இரண்டு பொத்தான்கள் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தன. ஒன்றை மிதித்தால் இரண்டும் அமுங்கின. “இத மிதிக்கக் கொக்குக் கால் வேணும்” என்று அவளே தள்ளிவிட்டாள். பிறகுதான் அவர் தானாகப் போய் அந்தப் பெயிண்ட் போன பெட்டியை எடுத்து வந்தார். இரும்புக் கூடு. நாலு தடித்த பொத்தான்கள், நடுவில் நல்ல இடைவெளி. வலது ஓரத்தில், பேருந்தில் இருப்பது போலவே சாய்ந்த ஒரு மிதி.

அவள் வெறும் காலை அந்த மிதிமேல் வைத்தாள். முதலில் ஒன்றும் வாசிக்கவில்லை. குதிகாலை ஊன்றி, முன்னங்காலை மட்டும் இறக்கி ஏற்றினாள். எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று பார்த்தாள். புது வண்டி ஒன்றைக் கையில் கொடுத்தால் கிளம்பும் முன் அவள் இப்படித்தான் செய்வாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிறகு மிதியை மேலே விட்டுச் சத்தத்தை முழுக்க மூடிவைத்துக்கொண்டு நரம்புகளைத் தட்டினாள். சத்தமே வரவில்லை. கால் மெல்ல இறங்கியது. எங்கிருந்தோ ஒரு சத்தம் எழுந்து வந்தது. தட்டிய சத்தம் அதில் இல்லை. விரல் பட்ட இடமே இல்லாத சத்தம். அது தணிவதற்குள் அடுத்ததைத் தட்டி, காலால் திறந்து அதன்மேல் இழைத்துவிட்டாள். கடையில் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கீபோர்ட் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

எனக்கும் பிடித்திருந்தது. ஆனாலும் அத்தனை நாள் படித்த படிப்பு என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. “இதுல ஒரு குறை இருக்கு” என்றேன். “ஒரு சத்தத்துல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தும்போது நடுவுல சத்தம் அந்துபோகும். எல்லாரும் எழுதியிருக்காங்க. கேட்டுப் பாரு.”

அவள் பொத்தானை மிதித்துப் பார்த்தாள். உண்மைதான், கண் சிமிட்டும் நேரம் சத்தம் விட்டுப்போய்த் திரும்பி வந்தது. கடைக்காரரும் மறுக்கவில்லை. “ஆமா சார், இந்த மாடல்ல அது இருக்கு” என்றார். நான் ஜெயித்துவிட்ட மாதிரி நிமிர்ந்தேன்.

“ஏங்க, கியர் மாத்தும்போதும்தான் இழுவை விட்டுப்போகுது” என்றாள் அவள், மிதியிலிருந்து காலை எடுக்காமலே. “அதுக்காக யாராவது வண்டி ஓட்டாம இருக்காங்களா? எந்த இடத்துல மாத்தணும்னு தெரிஞ்சிருந்தாப் போதும்.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு மூக்கு உடைந்ததுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் உடைந்த மூக்கோடு நிற்கும்போதே உள்ளே ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது. அவள் ஓட்டும் வண்டியில் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். நின்றுகொண்டு போகிறவர்கள் கம்பியைப் பிடிக்க மறந்துவிடுவார்கள். பிரேக் போட்டது ஜன்னலுக்கு வெளியே மரம் நின்ற பிறகுதான் தெரியும். அந்தக் காலுக்கு ஒரு பெட்டி தேடுகிறோம் என்பதை மறந்துவிட்டு, கண்ணுக்கு ஒரு பெட்டியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். மிச்சப்பட்ட தொகையில் நல்ல ஒயர் இரண்டு வாங்கிக்கொண்டாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை வந்தது நான்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. டியூட்டி முடிந்து வந்ததும் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்துவிடுவாள். கண் சொருகுகிறது என்றவளை அதன் பிறகு காணோம். உள்ளே இருந்த ஆயத்தச் சத்தங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு மூன்றே மூன்றை அவளே உண்டாக்கினாள். சுத்தமான ஒன்று, கரகரப்பான ஒன்று, நீண்டு விரியும் ஒன்று. மூன்றாவதில்தான் அவளுக்குத் திருப்தியே வரவில்லை. “கொஞ்சம் தூரத்துல கேக்குற மாதிரி வேணும். ஆனா தொலஞ்சு போகக்கூடாது” என்பாள். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்று போலத்தான் கேட்கும். ஆனால் சமையலறையில் நின்று கேள், குளியலறையில் நின்று கேள், கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் நின்று கேள் என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தாள். மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தபோது மேல்வீட்டு ஆசிரியை இறங்கி வந்தார். “உங்க வீட்ல யாரு வயலின் கத்துக்கறாங்க?” என்று கேட்டார். “யாரும் கத்துக்கல, என் மனைவி கிட்டார் வாசிக்கிறா” என்றேன். சொல்லும்போது என் கழுத்து கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும்.

வாசித்துக் காட்டுவதாகச் சொன்ன வாரத்தில் அவள் பயிற்சிக்குப் போன அன்று நானும் கூடவே போனேன். பெட்டியைச் சுமக்க ஆள் வேண்டும் என்று சாக்கு. டெப்போவின் பின்பக்கம், வண்டி கழுவும் இடத்தை ஒட்டிய பழைய டயர் அறைதான் அவர்கள் பயிற்சி செய்யும் இடம். உள்ளே நுழைந்தவள் வாசலிலேயே நின்றாள். அறையின் நடுவில் கீபோர்ட் ஸ்டாண்ட் பாதி விரித்து நின்றது. முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் அதன் திருகை முறுக்கிக்கொண்டிருந்தார். சுவரோரம் ஒரு கிட்டார் பையும் சாய்ந்திருந்தது. அதன் சொந்தக்காரர் வந்துகொண்டிருக்கிறாராம்.

“ஒரு பாதுகாப்புக்குத்தான்க்கா வரச் சொன்னேன்” என்றார் மைக்கு. “விழா கிட்ட வந்துடுச்சு. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் மானம் போச்சுன்னா என்ன பண்றது?”

அவருடைய பயம் நியாயமானது என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் தன் கிட்டார் பையின் ஜிப்பைப் பிடித்திருந்த அவள் விரல் அசையவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்டாண்டைத் தூக்கி வெளியே வைத்திருப்பேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சும்மா இருங்க என்று அந்தப் பார்வை சொன்னது. பிறகு முழுக்கைச் சட்டைக்காரரிடம், “உக்காருங்க. ஒரே ஒரு பாட்டு. நீங்களும் கேட்டுட்டுச் சொல்லுங்க” என்றாள்.

சுத்தியல் தானே எழுதிய மெதுவான பாட்டு அது. கீபோர்டின் நீண்ட விரிப்போடு தொடங்க வேண்டிய பாட்டு. மைக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு அரைமனசாக நின்றார். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, குதிகாலை ஊன்றினாள். கை அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒரு கணம் பெட்டி வேலை செய்யவில்லையோ என்று நான் ஒயரைத்தான் பார்த்தேன். பிறகு அவள் முன்னங்கால் இறங்க இறங்க, அந்த டயர் அறையின் தரையிலிருந்தே கிளம்புவது போல அது எழுந்தது. கூடத்தில் கேட்டதுதான், மாடிப்படியில் கேட்டதுதான். ஆனால் டிரம்ஸும் பேஸும் வந்து அதன்மேல் உட்கார்ந்தபோதுதான் அவள் இத்தனை நாள் எதைத் தேடிக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் புரிந்தது. தூரத்தில் இருந்தது. தொலைந்து போகவில்லை.

மைக்கு பாட வேண்டிய இடத்தைத் தவறவிட்டுவிட்டார். வாயைத் திறந்தபடி அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று அப்படியே இழுத்துக்கொண்டு வந்து, தலையை அசைத்து அவரை உள்ளே கூப்பிட்டாள். அவர் பாடினார். பாட்டின் நடுவில் கரகரப்பான சத்தத்துக்கு மாற வேண்டிய இடம் வந்தது. சுத்தியல் டிரம்மெல்லாம் உருட்டிக்கொண்டு வந்த அந்த உருட்டலுக்குள் அவள் பொத்தானை மிதித்தாள். சத்தம் அறுந்திருக்கும், நிச்சயமாக அறுந்திருக்கும். ஆனால் அந்த அறையில் அது யாருக்கும் கேட்கவில்லை. மறுபக்கம் அவள் வெளியே வந்தபோது கிட்டார் வேறு குரலில் கத்திக்கொண்டிருந்தது. டயர் தம்பி தன்னை மறந்து சிரித்தான்.

பாட்டு முடிந்தது. முழுக்கைச் சட்டைக்காரர் எழுந்து வந்து பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். “இது எந்தப் பெட்டி? புதுசா வந்திருக்கா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

“பழைய மாடல்தாங்க” என்றேன். “ஆனா பாருங்க, இந்த விலைக்குள்ள மிதியும் சேர்ந்து வர்றது இது ஒண்ணுதான். அந்தப் பெரிய வண்ணத் திரை எல்லாம் ஹெட்போன்ல கேக்கத்தான் நல்லாருக்கும். ஆம்ப்ல போட்டா கொழகொழன்னு ஆயிடும். நாலு பொத்தானுக்கு நடுவுல எவ்வளவு இடம் பாருங்க. குனியவே வேணாம். மாத்தும்போது லேசா அறும், அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. கியர் மாத்துற மாதிரிதான்.” சொல்லிவிட்டு நிமிர்ந்தால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்திருந்தாள். எனக்குக் கூச்சமாக இல்லை. அந்தப் பெட்டியைப் பற்றி அன்றைக்கு உலகத்தில் யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

முழுக்கைச் சட்டைக்காரர் மைக்குவிடம் போனார். “சார், உங்க பாட்டுக்கு நான் வேணும்னா வாசிக்கறேன். காசும் வாங்கிக்கறேன். ஆனா நான் உள்ள வந்தா இவங்க போட்டு வச்சிருக்கறது கெட்டுப்போகும். அத நீங்கதான் யோசிக்கணும்” என்றார். மைக்கு கையிலிருந்த மைக்கின் தலையை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தே பேசினார்.

“அக்கா, ஆரம்பத்துல இன்னும் கொஞ்சம் இழுங்க. நான் மெதுவா உள்ள வர்றேன். இப்ப அவசரப்பட்டுட்டேன்.”

“நீங்க எங்க அவசரப்பட்டீங்க? வரவே இல்லையே” என்றார் சுத்தியல். டயர் தம்பி சிரித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். விழாவில் என்ன ஆகும், வரப்போகும் அந்தக் கிட்டார்காரரிடம் யார் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் இன்னும் பேசப்படாமல் கிடந்தது. முழுக்கைச் சட்டைக்காரர் ஸ்டாண்டை மடக்கவும் இல்லை, விரிக்கவும் இல்லை. அடுக்கியிருந்த டயர்கள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே இன்னொரு ஆள் நிற்க இடமில்லை என்று நான் வாசலுக்கு வந்தேன். வெளியே ஒரு பேருந்து கழுவுவதற்காக நின்றிருந்தது. மேலிருந்து கீழ்வரை நுரை போட்டு முடித்து, கழுவுகிறவர் தண்ணீர்க் குழாயைத் தூக்கிப் பிடித்திருந்தார். எனக்குப் பின்னால் அந்தச் சத்தம் மறுபடியும் எழ ஆரம்பித்தது, முன்னைவிடவும் மெதுவாக. அவர் அறையின் பக்கம் ஒரு காதைத் திருப்பினார். பிறகு குனிந்து வால்வைத் திருகித் தண்ணீரை நிறுத்தினார். பேருந்தின் முன்கண்ணாடியிலிருந்து நுரை, யாரும் தொடாமல், அவசரமில்லாமல், கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது.